லூபா அரச பீடத்தைத் தாங்கும் பெண் யாரைச் சுமக்கிறாள்?

ஐரோப்பிய அருங்காட்சியகம் ஒன்றில் காங்கோ நாட்டு லூபா மக்களின் மரப் பீடத்தைப் பார்த்துவிட்டு இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். வட்டமான இருக்கைப் பலகையை ஒரு பெண் தலையாலும் இரு கை விரல் நுனிகளாலும் தாங்கி மண்டியிட்டிருக்கிறாள். அரசன் உட்காரப் பெண் சுமக்கிறாள் என்றால் இது அடிமைத்தனத்தின் சிலைதானே, பக்கத்தில் எழுதி வைத்திருக்கும் ஆன்மிக விளக்கமெல்லாம் பின்னால் பூசிய மெருகுதானே, கானாவின் அஷாந்தித் தங்கப் பீடமும் இதுவும் ஒன்றுதானா என்று மூன்று கேள்விகள். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி: அந்தப் பெண்ணின் தலைமேல் இருக்கும் பாரம் யாருடையது? உயிரோடிருக்கும் ஓர் ஆணின் உடலை அவள் சுமக்கவில்லை, அரசர்களின் ஆவி வந்து தங்கும் இடமாக அவள் இருக்கிறாள் என்பதே என் பதில். இதை நம்பிக்கையோடு சொல்வேன். ஆனால் அதை வைத்துக்கொண்டு, லூபா நாட்டில் பெண்கள் எல்லாரும் உயர்ந்த நிலையில் வாழ்ந்தார்கள் என்று அடுத்த படி ஏறிவிட மாட்டேன். அந்த இரண்டாவது விஷயத்தில் உங்கள் சந்தேகத்துக்கு நியாயம் இருக்கிறது.

நான் மரச்சிற்பம் படித்தவன். பிறகு பல ஆண்டுகளாக ஆப்பிரிக்கக் கலை வரலாற்றைக் கற்பித்து வருகிறேன். லூபா கிராமங்களில் வாழ்ந்தவன் அல்ல, அவர்களுடைய கிலூபா மொழி பேசத் தெரியாது. பீடங்களைக் கிட்டே நின்று பார்த்ததும், அங்கே போய்த் தங்கி ஆய்வு செய்தவர்கள் பதிந்து வைத்ததைப் படித்ததும்தான் என் கைமுதல். முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். காங்கோ ஜனநாயகக் குடியரசில் லூபா என்ற பெயரில் இரண்டு பெரிய மக்கள் கூட்டங்கள் உண்டு. மேற்கே கசாய் பகுதியில் வாழ்பவர்கள் ஒரு பிரிவு. தென்கிழக்கே கட்டாங்காவில், லுவலாபா ஆறு ஏரிகளும் சதுப்புகளுமாகப் பரந்து கிடக்கும் உபெம்பா பள்ளத்தில் வாழ்பவர்கள் இன்னொரு பிரிவு. நாம் பேசும் பீடம் இந்தக் கட்டாங்கா லூபாக்களுடையது, அவர்களோடு ஒட்டி வாழும் ஹெம்பா போன்ற கிழக்கத்திய மக்களுடையது.

பொருளைப் பற்றிச் சொல்கிறேன். பீடம் முழுவதும் ஒரே கட்டையில் செதுக்கியது; ஒட்டு, ஆணி, பூட்டு எதுவும் கிடையாது. மேலே வட்டப் பலகை, கீழே வட்ட அடித்தளம், இடையில் உருவம். நிற்கும் பெண்ணும் உண்டு, மண்டியிட்ட பெண்ணும் உண்டு. நாம் அருங்காட்சியகங்களில் காண்பவை ஏறத்தாழ முழங்கால் உயரத்தவை. கருவி வாச்சிதான். வாச்சியால் வேலை செய்தவர்களுக்கு ஒன்று தெரியும்: இரண்டு வட்டப் பலகைகளுக்கு நடுவே, உள்ளே நுழைந்து, விரல்களைத் தனித்தனியாகப் பிரித்து, முகத்தைச் சிதைக்காமல் எடுப்பது எளிதல்ல. மேல்பலகை நிழல் விழும் இடத்தில்தான் மிக நுட்பமான வேலை இருக்கிறது. உட்கார மட்டும் ஓர் இருக்கை வேண்டுமென்றால் யாரும் இந்தப் பாடு படமாட்டார்கள். அன்றாடம் உட்காருவதற்கு லூபாக்களிடம் உருவமே இல்லாத எளிய மணைகளும் பாய்களும் தோல்களும் இருந்தன.

அடுத்தது, பீடம் எப்படிப் புழங்கியது என்பது. உங்கள் கேள்விக்கான பதில் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. கிபோனா அல்லது லுபோனா என்று அழைக்கப்படும் இந்தப் பீடம் அரசனின் வீட்டு முற்றத்தில் போட்டு வைத்திருந்த பொருள் அல்ல. வெள்ளைத் துணியில் சுற்றி, பெரும்பாலும் உரியவரின் ஊரிலேயே வைக்காமல் வேறோர் ஊரில், அதற்கென்று நியமித்த காவலர் ஒருவரின் பொறுப்பில் வைத்திருந்தார்கள். அரிதான நாள்களில் மட்டும் வெளியே வரும். அவற்றில் தலையாயது பட்டம் சூட்டும் நாள். புதிய அரசரோ தலைவரோ அதில் அமர்ந்து முதன்முறையாக அரசராக வாய் திறந்து உறுதிமொழி சொல்வார். மற்ற நாள்களில் அது யார் கண்ணிலும் படாது. வெள்ளை அவர்களுக்கு ஆவிகளின் நிறம். ம்பெம்பா என்னும் வெள்ளைக் களிமண்ணைப் பட்டம் சூட்டும்போதும் குறி கேட்கும்போதும் ஆவிகளை அழைக்கும்போதும் உடலில் பூசுவார்கள். ஆக, வெள்ளைத் துணியில் சுற்றி ஒளித்து வைத்த பீடம் எந்த உலகத்துக்குரிய பொருள் என்பது சுற்றியிருந்த விதத்திலேயே தெரிந்துவிடுகிறது. ஆன்மிகம் என்பது பின்னால் பூசிய மெருகா என்று கேட்டீர்களே, அதற்கு என் முதல் சான்று இந்தப் புழக்கம்தான். அருங்காட்சியகக் குறிப்பு எழுதியவர் இதைக் கற்பனை செய்யவில்லை.

இனி அரசர் இறந்த பிறகு நடந்ததைப் பார்க்க வேண்டும். லூபா அரசர் ஒருவர் இறந்தால் அவர் வாழ்ந்த தலைநகர் அடுத்த அரசருக்குப் போகாது. புதியவர் வேறிடத்தில் தன் தலைநகரை அமைத்துக்கொள்வார். பழைய இடம் இறந்தவரின் ஆவி தங்கும் ஊராகிவிடும். அத்தகைய ஊருக்குக் கிட்டெண்டா என்று பெயர், அதாவது இருக்கை. அங்கே இறந்த அரசரின் ஆவி ஒரு பெண்ணின் மேல் இறங்கும். அவள் முவாடி. ஆவி வந்து இறங்கிச் சற்று நேரத்தில் மலையேறிவிடும் கதை அல்ல இது. சாகும்வரை அவள் அந்த அரசராகவே இருந்தாள். அவருடைய சின்னங்கள், ஒரு கூடையில் பாதுகாத்த அவருடைய உடல் எச்சங்கள், அவருடைய பரிவாரம் எல்லாம் அவள் வசம் வரும். ஆட்சியிலிருக்கும் அரசர் அவளுக்குக் காணிக்கை அனுப்புவார், அவள் சொல்லைக் கேட்பார். அவள் இறந்தால் அவளுடைய வம்சத்திலிருந்து இன்னொரு பெண் அந்த இடத்துக்கு வருவாள். இப்படி ஒவ்வோர் அரசரும் இறந்தபின் ஒரு பெண்ணின் உடலில் தொடர்ந்தார். ஒவ்வொருவரின் ஊரும் நிலத்தின் மேல் ஓர் இருக்கையாக நின்றது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு பீடத்தைத் திரும்பப் பாருங்கள். பெண்ணுடலின் மேல் அரசத்துவம் அமர்ந்திருக்கிறது. முவாடி உயிருள்ள உடலால் செய்ததை இந்தச் சிற்பம் மரத்தால் செய்கிறது. அரசனைப் போன்ற வலிமையான ஆவியைத் தாங்கப் பெண்ணின் உடலுக்கு மட்டுமே திராணி உண்டு என்ற கருத்தை லூபா மக்களே 1980-களின் பிற்பகுதியில் அங்கே களஆய்வு செய்த மேரி நூட்டர் ராபர்ட்ஸிடம் சொல்லியிருக்கிறார்கள். இன்று அருங்காட்சியகக் குறிப்புகளில் நீங்கள் படிக்கும் விளக்கத்தின் பெரும்பகுதி அவரும் அவர் கணவர் ஆலன் ராபர்ட்ஸும் செய்த ஆய்விலிருந்து வருவது. 1996-ல் நியூயார்க்கில் அவர்கள் லூபா கலைக்கென்றே ஒரு பெரிய கண்காட்சியை அமைத்தார்கள். புலோப்வே என்று லூபாக்கள் சொல்லும் புனித அரசத்துவத்தைப் பிடித்து வைத்திருப்பது பெண் உடல் என்ற எண்ணம் பீடத்தில் மட்டும் இல்லை. செங்கோல், வில் தாங்கி, குறிசொல்பவரின் கிண்ணம், தலையணை மரம் என்று ஆண் அரசனின் அதிகாரப் பொருள்கள் எல்லாவற்றிலும் பெண் உருவமே திரும்பத் திரும்ப வருகிறது. ஆணரசரின் உருவச்சிலை என்று காட்ட இந்தக் கலையில் ஏறத்தாழ எதுவுமில்லை. இதை நான் மிக முக்கியமான சான்றாக நினைக்கிறேன். ஓர் அடிமையின் உருவத்தை எந்த அரசனும் தன் அதிகாரத்துக்கான ஒரே முகமாகத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டான்.

அவள் எப்படிச் செதுக்கப்பட்டிருக்கிறாள் என்பதும் இதையே சொல்கிறது. வயிற்றிலும் இடுப்பிலும் சாய்சதுரங்களும் புள்ளி வரிசைகளுமாகத் தழும்புக் கோலம் இருக்கும். லூபாப் பெண்கள் பருவமெய்திய பிறகு உடலில் கீறிப் போட்டுக்கொண்ட தழும்புகள் அவை. ஒவ்வொரு கோலத்துக்கும் பெயர் உண்டு. கோலமிடாத உடல் நிறைவடையாத உடல் என்று கருதினார்கள். பின்னந்தலையில் சிலுவை போல நான்கு பக்கமும் மடித்துக் கட்டிய கூந்தல் அலங்காரத்தைக் காணலாம். அதைக் கட்டி முடிக்க நெடுநேரம் பிடிக்கும். ஆள் உதவி இல்லாமல் முடியாது. இவ்வளவு ஒப்பனையும் ஏன் என்றால், ஆவி அழகான இடத்தைத்தான் நாடி வரும் என்ற நம்பிக்கை. பளபளவென்று எண்ணெய் ஏறிய தோலும், தாழ்ந்த இமைகளும், முகத்தின் அமைதியும் சேர்ந்து அவளை ஆவி விரும்பித் தங்கும் கலமாக்குகின்றன. பாரத்தால் நசுங்கும் உடலின் அடையாளம் எதுவும் அவளிடம் இல்லை. கழுத்து குறுகவில்லை, தோள் சரியவில்லை, தசை முறுக்கேறவில்லை. பல பீடங்களில் விரல் நுனிகள்தான் பலகையைத் தொட்டுக்கொண்டிருக்கும். கனமான பொருளை யாரும் அப்படித் தூக்குவதில்லை. சிற்பிக்குப் பாரத்தைக் காட்டத் தெரியாமல் இல்லை, அவன் காட்டவில்லை.

வேறு சில லூபாச் சிற்பங்களில் பெண் தன் மார்பகங்களின் மேல் கைகளை வைத்திருப்பாள். தாய்மையின் சின்னம் என்று வெளியார் எளிதாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். லூபா விளக்கம் வேறு. பிசிலா எனப்படும் அரசாட்சியின் விலக்குகளையும் மறைபொருள்களையும் பெண்கள் தங்கள் மார்புக்குள் காத்து வைத்திருக்கிறார்கள் என்பதே அந்தக் கைகளின் பொருள். அரசாட்சியின் மறைபொருளைக் காக்கும் பொறுப்பு ம்புட்யே என்ற அமைப்புக்கும் உண்டு. அவர்கள் லுகாசா என்னும் மணிகள் பதித்த சிறு மரப்பலகையைக் கையில் பிடித்து, விரலால் தடவியபடி அரச வரலாற்றை ஓதுவார்கள். எழுத்தில்லாத ஒரு நாட்டில் சட்டமும் வம்சமும் நிலப்பரப்பும் இத்தகைய பொருள்களில்தான் பதிந்திருந்தன. பீடமும் அந்தத் தொகுதியில் ஓர் உறுப்பு. தனியே எடுத்து ஒரு கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் அதன் பேச்சு பாதி நின்றுபோகும்.

உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது என்றேன். அதை மழுப்பாமல் சொல்ல வேண்டும். வெர்னி லவெட் கேமரூன் என்ற ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி 1874-ல் லூபா நாட்டுக்குப் போய், அப்போது ஆண்ட கசோங்கோ கலோம்போவின் தலைநகரில் பல மாதங்கள் தங்கினார். அங்கே பெரிய தலைவர்களை அடக்கம் செய்யும் முறை என்று அவர் எழுதி வைத்திருப்பது படிக்கவே நடுக்கம் தருவது. ஓர் ஓடையைத் திருப்பிவிட்டு அதன் படுகையில் பெரிய குழி தோண்டி, உயிருள்ள பெண்களை அதில் பரப்பி, மண்டியிட்டுக் கையூன்றிய ஒரு பெண்ணின் முதுகின் மேல் இறந்தவரை உட்கார வைத்து, எல்லாரையும் சேர்த்து மூடி, பிறகு ஓடையைத் திரும்ப விடுவார்களாம். இது கேமரூன் கண்ணால் கண்டதல்ல, கேட்டு எழுதியது. தாம் போன நாடுகளின் கொடுமையைப் பெரிதாக்கிக் காட்டும் பழக்கம் அக்காலப் பயணிகளுக்கு உண்டு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஆனால் லூபா அரசர்களை ஆற்றுப் படுகையில் அடக்கம் செய்தார்கள் என்பது மற்ற வழிகளிலும் தெரிகிற செய்தி. அதனால் அந்தப் பக்கத்தை முழுப் பொய் என்று கிழித்துப் போட நான் தயாரில்லை. அது ஓரளவுக்கேனும் உண்மையென்றால், பெண் உடலே அரசனின் இருக்கை என்ற கருத்து மரத்தோடு நிற்கவில்லை என்றாகிறது. அதன் விலையை உயிருள்ள பெண்கள் கொடுத்திருக்கிறார்கள். பீடத்தின் அழகைப் பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தையும் படித்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அன்றாட அரசியலிலும் பெண்கள் இரண்டு விதமாகவும் வருகிறார்கள். பட்டம் தந்தை வழியில்தான் போகும். ஆனால் ஒரே அரசருக்குப் பல மனைவியர் வழிப் பிறந்த மகன்கள் போட்டியிடும்போது, யாருடைய தாய்வீட்டுக் கூட்டம் வலுவானதோ அவர் பக்கம் தராசு சாயும். சுற்றுப்புறத் தலைவர்கள் தங்கள் பெண்களை அரசருக்கு மணமுடித்துக் கொடுத்ததும், அரசர் தம் குலப் பெண்களை வெளியூர்த் தலைவர்களுக்குக் கொடுத்ததும் ஆட்சியைப் பின்னிய இழைகள். எனவே அரசத்துவம் பெண் வழியாக நிற்கிறது என்பது வெறும் தத்துவம் அல்ல, நடைமுறைக் கணக்கும்கூட. அதே வேளையில் அந்தப் பெண்களிடம் யாரும் சம்மதம் கேட்டதாகத் தெரியவில்லை. முவாடியாக ஆனவள் மரியாதையின் உச்சியில் இருந்தாள். வேறொருவரை மணந்து தனக்கென்று ஒரு வாழ்க்கை அமைத்துக்கொள்ள அவளால் முடியாது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிழக்குக் கரை வணிகர்களும் மேற்கிலிருந்து வந்தவர்களும் துப்பாக்கியோடு நுழைந்தபோது லூபா அரசர்களே மனிதர்களைப் பிடித்து விற்றார்கள். பிடிபட்டவர்களில் பெண்கள் ஏராளம். சிற்பத்தில் பெண்ணுக்கு இருந்த இடமும் ஊரில் பெண்ணுக்கு இருந்த இடமும் ஒன்றல்ல. உலகில் எந்தக் கலையை வைத்தும் அப்படி நேராகக் கணக்குப் போட முடியாது.

எது உறுதி, எது ஐயம் என்று பிரித்துச் சொல்வது என் கடமை. பீடங்கள் அதிகாரச் சின்னங்கள், ஒளித்துக் காக்கப்பட்டவை, பட்டம் சூட்டும் சடங்கின் நடுப்பொருள்கள் என்பதில் சந்தேகமில்லை. இறந்த அரசரின் ஆவியை ஏற்று நிற்க ஒரு பெண் இருந்தாள் என்பதும் பல வழிகளில் உறுதியானது. பெண் உருவம் ஆவியின் கலம் என்ற விளக்கம் வலுவானது. ஆனால் அதன் தெளிவான வாய்மொழிச் சான்று 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பதிந்தது. பீடங்களோ பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டிலோ 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ செய்தவை. இடையில் பெல்ஜிய ஆட்சியும் கிறித்தவ மிஷன்களும் வந்து போய்விட்டன. நூறாண்டுக்கு முன் செதுக்கியவரும் இதே சொற்களில் சொல்லியிருப்பாரா என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது. பொருளின் புழக்கமும் வடிவமும் விளக்கத்தோடு ஒத்துப்போவதால் நான் அதை ஏற்கிறேன். இன்னொரு எச்சரிக்கை. லூபாக்களிடையே பணியாற்றிய பிளாசிட் டெம்பல்ஸ் என்ற பிரான்சிஸ்கன் பாதிரியார் 1940-களில், பொருள் எல்லாமே ஒருவகை உயிராற்றல் என்று ஒரு பெரிய தத்துவத்தை அவர்கள் பெயரில் வகுத்தார். அது லூபா சிந்தனையா, பாதிரியாரின் சிந்தனையா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. ஆப்பிரிக்கத் தத்துவ அறிஞர்களே கடுமையாக மறுத்திருக்கிறார்கள். பீடத்தைப் பற்றிய கட்டுரைகளில் உயிராற்றல் என்று மொட்டையாக எழுதியிருந்தால் கொஞ்சம் நிதானித்துப் படியுங்கள்.

தோற்றக் கதையையும் இதே கவனத்தோடு பார்க்க வேண்டும். நாகரிகமற்ற கொடுங்கோலன் இன்கோங்கோலோ ஆண்ட நாட்டுக்குக் கிழக்கிலிருந்து ம்பிடி கிலுவே என்ற வேட்டைக்கார இளவரசன் வருகிறான். ஊரார் முன் உண்ணக்கூடாது என்பது போன்ற அரச ஒழுக்கத்தைக் கொண்டுவருபவன் அவனே. அவனுக்கும் இன்கோங்கோலோவின் சகோதரிக்கும் பிறக்கும் கலாலா இலுங்கா, தாய்மாமன் பாயால் மூடி வைத்த ஈட்டிக் குழியிலிருந்து தப்பி, படை திரட்டி வந்து அவனைக் கொன்று புனித அரசாட்சியை நிறுவுகிறான். இவர்கள் உண்மையில் வாழ்ந்தவர்களா, வானவில்லையும் மழையையும் பற்றிய தொன்மத்தின் உருவங்களா என்று வரலாற்றாசிரியர்கள் இரண்டு பக்கமாக நிற்கிறார்கள். நிலத்தைத் தோண்டியவர்கள் தரும் சான்று வேறு வகை. 1950-களின் இறுதியிலிருந்து கிசாலே ஏரிக்கரையில் சங்கா முதலிய இடங்களில் நடந்த அகழாய்வுகளில், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக்கு முந்திய கல்லறைகளில் சடங்குக் கோடரிகளும் இரும்புப் பட்டடைக் கல்லும் கிடைத்தன. பின்னாளைய லூபா அரசச் சின்னங்களில் கோடரியும் பட்டடையும் உண்டு. அதாவது அதிகாரச் சின்னங்களின் மரபு அந்த மண்ணில் மிகப் பழையது. பீடம் எவ்வளவு பழையது என்பதை மட்டும் இந்த வழியில் கண்டுபிடிக்க இயலாது; கறையானும் ஈரமும் மரத்தை விட்டுவைப்பதில்லை.

சிற்பிகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் ஒருவரைச் சொல்லாமல் விட மனமில்லை. ஆப்பிரிக்கச் சிற்பம் என்றாலே பெயரற்ற இனக்குழுவின் வேலை என்று ஐரோப்பா நினைத்திருந்த காலத்தில், ஃப்ரான்ஸ் ஓல்பிரெக்ட்ஸ் என்ற பெல்ஜிய அறிஞர் 1930-களில் சில லூபா, ஹெம்பாச் சிற்பங்களை அருகருகே வைத்துப் பார்த்து, இவை ஒரே கையின் வேலை என்றார். நீண்டு மெலிந்த முகம், ஒட்டிய கன்னம், சோர்ந்த கண், அளவுக்கு மீறிப் பெரிதான கைகள். லுவலாபாவும் லுகுகாவும் கூடும் பகுதியிலுள்ள புலி என்ற ஊரில் அவற்றுள் சில கிடைத்ததால் அவரைப் புலிச் சிற்பி என்று அழைக்கிறார்கள். நியூயார்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்திலும் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் அவர் பெயரில் பெண் தாங்கும் பீடங்கள் இருக்கின்றன. மெட்ரோபொலிட்டன் பீடத்தின் உயரம் 61 செ.மீ. ங்கோங்கோ யா சின்டு என்பது அவர் பெயராக இருக்கலாம் என்று பின்னர் வாய்மொழிச் சான்று ஒன்று வந்தது. இருபது சொச்சம் சிற்பங்களை அவர் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். ஒரே ஆளா, ஆசிரியரும் மாணவருமாக இருவரா, ஒரு பட்டறையா என்று வாதம் நடக்கிறது. நான் பட்டறை என்ற பக்கம் சாய்கிறேன். முகங்கள் ஒத்துப்போகும் அளவுக்குக் கைகள் ஒத்துப்போவதில்லை. அந்தப் பீடங்களில் உள்ள பெண் இளமையும் மெருகும் கொண்டவள் அல்ல, வயது முதிர்ந்தவள், களைத்தவள் போலவும் தெரிவாள். நீங்கள் பார்த்தது இந்த வகையென்றால் உங்களுக்கு அடிமைத்தனம் நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை. ஆனால் அந்த முதுமையை மூதாதையின் முகமாக வாசிப்பதே பொருத்தம். மரியாதைக்குரிய முதியவரைச் செதுக்கும்போதும் அதே ஒட்டிய கன்னத்தையே அந்தப் பட்டறை தருகிறது.

அஷாந்திப் பீடத்தோடு ஒப்பிட்டுக் கேட்டீர்கள். இரண்டும் ஒன்றல்ல. கானாவின் அஷாந்தி மக்களுக்குத் தங்கப் பீடம் ஒன்றே ஒன்று. 1700 வாக்கில் ஒகோம்ஃபோ அனோக்யே என்ற குரு அதை வானத்திலிருந்து இறக்கி ஒசெய் டூட்டு அரசரின் மடியில் அமர்த்தினார் என்பது மரபு. அது முழு நாட்டின் ஆன்மா. அதில் அரசர்கூட உட்காருவதில்லை. 1900-ல் பிரிட்டிஷ் ஆளுநர் ஹாட்ஜ்சன் அதில் தான் அமர வேண்டும் என்று கேட்டதும் யா அசந்தேவா தலைமையில் போரே மூண்டது. அதைத் தாங்கும் மனித உருவம் கிடையாது. லூபா பீடமோ பல. அரசருக்கும் உண்டு, சுற்றுப்புறத் தலைவர்களுக்கும் உண்டு, ஆவி இறங்குபவர்களுக்கும் உண்டு. எல்லைப் பகுதித் தலைவர் ஒருவர் லூபா அரசரின் மரபோடு தம்மை இணைத்துக்கொள்ள விரும்பினால், வெள்ளைக் களிமண்ணும் புனித நெருப்பும் பீடமும் செங்கோலும் அந்த இணைப்பின் அடையாளங்களாயின. நாம் இன்று கொண்டாடும் லூபாச் சிற்பங்களில் பல, நடுநாட்டை விட இத்தகைய ஓரப் பகுதிகளில் செய்தவை. ஒரே தலைநகரும் நிலைப்படையும் கொண்ட பேரரசாக லூபா நாட்டைப் பழைய நூல்கள் வரைந்தன. இன்றைய ஆய்வாளர்கள் பலர், சின்னங்களாலும் திருமண உறவாலும் கோத்துக்கொண்ட பல தலைமைகளின் கூட்டமாகவே அதைப் பார்க்கிறார்கள். பீடங்கள் பரவிக் கிடக்கும் விதம் இந்தப் பார்வைக்குத்தான் துணை நிற்கிறது. அஷாந்தியில் நாடு ஒரு பீடத்தில் குவிந்தது. லூபாவில் ஒவ்வொரு பீடமும் ஓர் இடத்தை, ஒரு வம்சத்தை, ஓர் ஆவியைக் குறித்து நின்றது.

இந்தப் பீடங்கள் ஐரோப்பாவுக்கு வந்த வழி எல்லாமே ஒரு மாதிரி அல்ல. விலைக்குப் போனவை உண்டு, பரிசாகப் போனவை உண்டு, காலனியப் படையெடுப்பிலும் மிஷன்களின் சிலை ஒழிப்பிலும் பறிபோனவையும் உண்டு. பிரஸ்ஸல்ஸ் அருகே டெர்வூரனில் உள்ள ஆப்பிரிக்க அருங்காட்சியகத்தின் காங்கோப் பொருள்களில் ஏறத்தாழ 84,000-க்கான பட்டியலை 2022 பிப்ரவரியில் பெல்ஜியப் பிரதமர் காங்கோப் பிரதமரிடம் ஒப்படைத்தார். அதே ஆண்டில் திருப்பித் தருவதற்கான சட்டமும் வந்தது. எது எப்படிப் போனது என்று பொருள் பொருளாகத் தேடும் வேலை மெதுவாக நடக்கிறது. என் நிலைப்பாட்டைக் கேட்டால், காவலரின் பொறுப்பில் மறைத்து வைத்திருந்த பொருள் எவருடைய அனுமதியும் இல்லாமல் வெளியே வந்திருந்தால் அது திரும்பிப் போக வேண்டும். பார்க்கும் வாய்ப்பு எனக்கும் உங்களுக்கும் குறைந்தாலும் சரி.

அடுத்த முறை அந்தப் பீடத்தின் முன் நிற்கும்போது மூன்று இடங்களைப் பாருங்கள். ஒன்று, பின்பக்கம்: கூந்தல் கட்டும் முதுகுத் தழும்பும் அங்கேதான் இருக்கும், பெரும்பாலோர் பார்க்காமல் போய்விடுவார்கள். இரண்டு, விரல் நுனி பலகையைத் தொடும் இடம். தாங்குகிறாளா, தொட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறாளா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். மூன்று, குறிப்பட்டையில் எங்கே, யாரால், எந்த ஆண்டில் சேகரித்தது என்று போட்டிருக்கிறதா என்பது. அது வெறுமையாக இருந்தால் அருங்காட்சியகத்தாரிடம் எழுதிக் கேளுங்கள். பல நிறுவனங்கள் பதில் தருகின்றன. கடைகளிலும் இணையத்திலும் லூபா பீடம் என்று விற்கும் பொருள்களில் பெரும்பாலானவை விற்பனைக்கென்றே செய்த நகல்கள். அழகுக்காக வாங்குவதில் தவறில்லை. பழைய அரசப் பொருள் என்று நம்பிப் பணத்தைக் கொட்டிவிடாதீர்கள்.